செவிப்புலன் ஆய்வும் நம் மாணவரும்

வைத்தியம், பொறியியல், சட்டம் என்னும் மூன்றினையுமே உயர்கல்வியென எண்ணிப் பழகிய நம் பெற்றோர்க்கு அண்மைக் காலத்திற் புதிய பெயரொன்று அறிமுகமாகி வருகின்றது. செவிப்புலனியல் என்பது அதன் பெயர். காது கேளாமையை அளந்தறிதல், அதன் தன்மையை வகுத்துணர்தல், ஏற்ற கருவியைத் தெரிந்து பொருத்துதல், பொருத்தியபின் கேட்கப் பழக்குதல் ஆகியவை அத்துறையின் தொழில்கள். களனிப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் 2008ஆம் ஆண்டு தொடக்கம் ராகமையில் இத்துறைக்குரிய பட்டப்படிப்பினை நடத்தி வருகின்றது. பதுளையிலிருந்து கொழும்பு செல்லும் புகையிரதப் பாதையிலேயே ராகமை அமைந்துள்ளது. ஆயினும் தோட்டத்துப் பிள்ளை ஒன்று அவ்விடத்தை அடைவதற்குப் பாதையின் நீளத்தை மட்டும் கணக்கிட்டாற் போதாது என்பதை இம்மலரைப் படிப்போர் நன்கறிவர்.

அங்ஙனம் சென்றடைந்த சிலரையும் இனிச் செல்லவிருப்போரையும் நோக்கி எழுதப்படுவது இக்கட்டுரை. பட்டம் பெற்றதும் வைத்தியசாலையில் உத்தியோகம் ஏற்று, வருவோரின் காதுகளைச் சோதித்துக் கருவி வழங்குவது நற்பணி. அதனைக் குறைத்து மதிப்பிடுவார் யாருமிலர். ஆனால் அப்பணியிற் பழகியவருள் ஒருசிலரேனும் ஆய்வுத் துறையிற் புகுதல் வேண்டும். புகாவிடின், தமிழ் பேசும் மக்களின் செவிக்குறை பற்றிய பல வினாக்களை வேறெவரும் வந்து கேட்கப் போவதில்லை. இதுவே யான் சொல்ல வந்தது.

விஞ்ஞானம் படியாத தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. யான் பகலிற் கற்பித்து இரவிற் கற்று வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்றவன். இத்துறைப் பக்கம் என்னைத் திரும்பிப் பார்க்கச் செய்தவன் ஒரு சிறுவன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் மடுல்சீமைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பித்து வந்தேன். ஒரே மண்டபத்தில் நான்கு வகுப்புகள், இடையே சுவரில்லை, மேலே தகரக் கூரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் ஆசிரியனின் குரல் முன்வாங்கைத் தாண்டாது. அவ்வகுப்பிலே சொல்வதெழுதுதல் நடக்கும்போதெல்லாம் அவன் எழுதும் சொற்களிற் பாதி யான் சொல்லாத சொற்களாக இருக்கும். கவனமற்றவன் என முடிவுகட்டி அவனைப் பின்வாங்கிற்கு அனுப்பினேன். மூன்று தவணைகள் அங்கேயே இருந்தான். பின்னர் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த வைத்தியர், அவனுடைய இரு காதுகளிலும் நெடுங்காலம் சீழ் வடிந்து செவிப்பறைகள் துளைபட்டிருப்பதைக் கண்டு கூறினார். ஒவ்வொரு விடியலிலும் தலையணையிற் கறை இருக்கும் என்றாள் அவன் தாய். எண்ணெயைச் சூடாக்கி விட்டு வந்தாளாம். கேளாத பிள்ளையை மேலும் கேளாத இடத்தில் இருத்தி வைத்தவன் யான். அவன் எட்டாம் வகுப்போடு நின்று கொழும்புக்குக் கடை வேலைக்குச் சென்றுவிட்டான். அன்று தொட்டுக் காதினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகின்றேன்.

படித்தவற்றுள் என்னை மிகவும் வியக்கச் செய்தது, இத்துறையின் பெருங் கண்டுபிடிப்புகள் யாரால், எவ்வாறு நிகழ்ந்தன என்பதே. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

ஒலியானது செவிப்பறையை அதிரச் செய்ய, அவ்வதிர்வினைச் சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்னும் வடிவுடைய மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தையோட்டைப் போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழலொன்று உண்டு. அதனை விரித்து நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீற்றரே இருக்கும். அச்சிறு நீளத்தினுள் ஏறத்தாழ 3500 உள்மயிர்க் கலங்களும் 12000 புறமயிர்க் கலங்களும் வரிசை வரிசையாக நின்று, அதிர்வை நரம்பு உணரக்கூடிய மின்குறிகளாக மாற்றுகின்றன. குழலின் வாயிலை அடுத்த பகுதி கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கும், உச்சிப் பகுதி தாழ்ந்த ஒலிகளுக்கும் உரியவை. மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் மீள முளைப்பதில்லை. பறவைகளில் முளைக்கின்றன, 1980களின் பிற்பகுதியிலேதான் இது தெரியவந்தது. கோழிக்குஞ்சின் காதுக்கு இயல்வது மனிதக் காதுக்கு ஏன் இயலாது என்னும் வினாவோடு இன்றும் பலர் ஆய்வுகூடங்களில் உழைத்து வருகின்றனர்.

ஒலிக்கேற்ப அக்குழலின் மென்சவ்வில் அலை எழுந்து பயணஞ் செய்யும் முறையை முதலிற் கண்டுரைத்தவர் ஹங்கேரி நாட்டவரான ஜோர்ஜ் வொன் பெக்கசி. அவர் வைத்தியரல்லர், புடாபெஸ்ட் நகரில் அஞ்சல் திணைக்களத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பௌதிக அறிஞர். தொலைபேசியின் எவ்வுறுப்பைத் திருத்தினால் மிகுந்த பயன் விளையும் என ஆராயப் புகுந்தவர், கேட்கும் காதினை அறியாமல் அதற்கு விடை காண இயலாதெனத் தெளிந்து, இறந்தோரின் செவிகளை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராயலானார். 1961ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அஞ்சல் திணைக்களத்து ஊழியர் ஒருவர் அப்பரிசினைப் பெற்றார் என்பதை எம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பெக்கசி கண்டது இறந்த செவியின் அலை. உயிருள்ள செவி அதனினும் நுட்பமாகத் தொழிற்படல் வேண்டும், ஒலியைத் தானே பெருக்கிக் கொள்ளல் வேண்டும் என 1948இல் தோமஸ் கோல்ட் என்பவர் கூறினார். எவரும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்து 1978இல், இலண்டனிற் காது மூக்குத் தொண்டை வைத்தியசாலையொன்றிற் பணிபுரிந்த டேவிட் கெம்ப், காதினுள் மிகச் சிறிய ஒலிவாங்கியை வைத்து, காது தானாகவே மெல்லொலி எழுப்புவதைப் பதிவு செய்து காட்டினார். இன்று பிறந்த குழந்தைகளின் செவிப்புலனைச் சில நிமிடங்களிற் சோதிக்கும் சிறு கருவி அக்கண்டுபிடிப்பின் வழி வந்ததே. குழந்தை விடை சொல்ல வேண்டியதில்லை. அதன் காதே விடை சொல்கின்றது.

இவ்வொலியே பின்னர் வேறொரு புதிரை எழுப்பியது. சில நோயாளரின் காதுகள் மெல்லொலியை முறையாக எழுப்பின. ஆனால் நரம்பிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் மின்குறிகள் காணப்படவில்லை. அவர்கள் ஒலியை உணர்ந்தனர், பேச்சு விளங்கவில்லை. கருவியிற் பிழையென்றோ நோயாளரின் கவனக்குறைவென்றோ சொல்லி அத்தாள்களைக் கோப்பிலிட்டு மூடியிருக்கலாம். மூடாதவர் சிலர் இருந்தனர். ஆர்னல்ட் ஸ்டார் என்னும் நரம்பியல் அறிஞரோடு, நாள்தோறும் காதுகளைச் சோதித்துப் பழகிய செவிப்புலனியலாளர் சிலரும் சேர்ந்து, பத்து நோயாளரின் சோதனைத் தாள்களை ஒன்றாக வைத்து நோக்கி, 1996இல் இதனைத் தனியொரு குறைபாடென நிறுவினர். பத்தே நோயாளர் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒன்றோடொன்று பொருந்தாத இரு சோதனை முடிவுகளை ஏன் பொருந்தவில்லை எனக் கேட்டதிலேயே அவ்வாய்வு தொடங்கிற்று. அத்தகைய தாள்கள் ஒவ்வொரு சிகிச்சைக் கூடத்தின் அலுமாரியிலும் உள்ளன.

அவுஸ்திரேலியரான கிரேம் கிளார்க்கின் வரலாறு வேறு வகையானது. அவருடைய தந்தை மருந்துக்கடை நடத்தியவர், காது மந்தமானவர். கடைக்கு வருவோர் தம் நோயை உரத்துக் கூற நேர்வதையும், தந்தை கூச்சமுறுவதையும் கண்டு வளர்ந்த மகன், காது மூக்குத் தொண்டைச் சத்திர வைத்தியரானார். வருவாய் மிகுந்த அத்தொழிலை 1960களிற் கைவிட்டு, மீண்டும் மாணவராகி 1969இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சுருண்ட உட்செவிக் குழலினுள் மின்கம்பிகளை ஊறுபடாமல் எவ்வாறு செலுத்துவது என்பது அவரைப் பெரிதும் வாட்டிய சிக்கல். விடுமுறையொன்றிற் கடற்கரையிற் கண்டெடுத்த சங்கினுள் புற்றாளைச் செலுத்திப் பார்த்தார். நுனி மெலிந்து அடி தடித்திருந்தமையால் புல் வளைந்து வளைந்து உட்சென்றது. கம்பியை அவ்வாறே அமைத்து, 1978இல் முதல் நோயாளருக்குப் பொருத்தினார். இன்று தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்புறுதித் திட்டத்தின் கீழ் இவ்வகை உட்செவிக் கருவிகள் பொருத்தப்படுகின்றன.

இவற்றை மேனாட்டார் பெருமையெனக் கேட்டு மகிழ்ந்து நின்றுவிடுதல் நம்மவர் வழக்கம். மயிர்க்கலம் எல்லா நாட்டிலும் ஒன்றே. ஆகவே அவர்கள் கண்டது நமக்கும் போதும் என்பது பலர் எண்ணம். காதளவிற் பெரும்பாலும் அது மெய்யே. ஆனால் மனிதன் கேட்பது வெறும் ஒலியையன்று. அவன் கேட்பது மொழியை. அங்கே இரவல் உதவாது. இதனை என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தியே எனக்கு உணர்த்தினாள்.

அவள் தோட்டத்திற் பிறந்து, ராகமையிற் செவிப்புலனியல் பயில்பவள். விடுமுறையில் வந்தவள் கையில் ஒரு சொற்பட்டியல் இருந்தது. "சேர், இதுல எந்தச் சொல்லெல்லாம் நம்ம லயத்துப் புள்ளைகளுக்குத் தெரியும்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். 'தேசிக்காய்' என்று ஒரு சொல். யாழ்ப்பாணத்துக் குழந்தை அதைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்லும். எங்கள் பிள்ளைகள் அறிந்தது எலுமிச்சம்பழம். அறியாத சொல்லைத் திருப்பிச் சொல்லாத குழந்தையைக் காது கேளாதது எனக் குறித்துக் கொண்டால், அளக்கப்பட்டது காதா, சொல்வளமா?

பேச்சுக் கேள்விச் சோதனை என்பது இத்துறையில் இன்றியமையாதது. தனியோசைகளைக் கொண்டு வரைபடம் வரைந்தால் காது எவ்வளவு கேட்கின்றது எனத் தெரியும். பேச்சு எவ்வளவு விளங்குகின்றது என அறியச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்டல் வேண்டும். அதற்கெனத் தெரிந்தெடுத்த சொற்பட்டியல்கள் ஆங்கிலத்தில் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாயின. பேச்சு வழக்கில் எவ்வெவ்வொலி எத்துணை முறை வருமோ, பட்டியலிலும் அதே விகிதத்தில் வருமாறு ஓரசைச் சொற்களைத் தொகுத்தனர். 1965இல் மைசூரில் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில், 1976இல் முதுகலை மாணவர் ஒருவர் தம் பட்ட ஆய்வேடாகத் தமிழுக்கு அத்தகைய ஒலிச்சமன் பட்டியலொன்றைச் செய்தார். பேராசிரியர் குழுவன்று, பெருநிதி பெற்ற திட்டமன்று. ஒரு மாணவரின் ஆய்வேடு. தமிழுக்கு ஆற்றிய தொண்டு என்று யாம் மேடைகளிற் பலவற்றைப் பாராட்டுகின்றோம். இதனைப் பாராட்டியதாக நினைவில்லை.

ஆனால் தமிழ் ஓரிடத்திற் போல் மற்றோரிடத்தில் ஒலிப்பதில்லை. 'கல்', 'பல்', 'மீன்', 'தேன்' என்பன ஏட்டில் ஓரசைச் சொற்கள். பேச்சில் அவை 'கல்லு', 'பல்லு', 'மீனு', 'தேனு' என ஈரசையாகிவிடுகின்றன. ஏட்டு வடிவத்தைச் சொல்லிச் சோதிப்பதா, பேச்சு வடிவத்தைச் சொல்லியா? 'பழம்' என்று சோதிப்பவர் சொல்ல, 'பளம்' என்று குழந்தை திருப்பிச் சொன்னால் அது கேள்விப் பிழையன்று. லயத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கின்றனர். மொழி அறியாதவர் அதற்குச் சுழியம் இடுவார். பிள்ளையின் வரைபடம் அவ்வளவில் தாழும். அதற்கேற்பக் கருவியும் மாறும்.

இங்கேதான் தமிழ் கற்றோர்க்கும் இத்துறைக்கும் தொடர்பு ஏற்படுகின்றது. தொல்காப்பியத்திற் பிறப்பியல் என ஓர் இயல் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் வாயில் எவ்விடத்தில், எவ்வுறுப்பின் முயற்சியாற் பிறக்கின்றது என அது கூறும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனக் கால அளவும் நம் இலக்கண நூல்களில் உண்டு. எழுத்து வாயில் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அக்காலத்தே ஆராய்ந்த மொழியில், அது காதில் எவ்வாறு சென்று சேர்கின்றது என்னும் ஆய்வு இன்னும் இளமைப் பருவத்திலேயே இருக்கின்றது. பல் பால், மலை மாலை, படம் பாடம் எனக் குறில் நெடில் வேறுபாடே தமிழிற் பொருளை மாற்றிவிடும். புளி புள்ளி, பசை பச்சை என ஒற்று இரட்டித்தலும் அவ்வாறே. ஆங்கிலத்தில் இவை இவ்வளவு பெரிய சுமையைத் தாங்குவதில்லை. 1955இல் அமெரிக்காவில் மில்லர், நைஸ்லி என்னும் இருவர் இரைச்சலின் நடுவே ஆங்கில மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று எவ்வாறு மயங்குகின்றன எனச் சோதித்து, பிறப்பிடத்தைப் பற்றிய செய்தியே விரைந்து கெடுகின்றது எனக் கண்டனர். லகர ளகரமும், னகர ணகரமும், தகர டகரமும் உள்ள தமிழ்க் காதில் அம்மயக்கம் எவ்வடிவம் கொள்ளும்? செவிக்குறை உடையவர்க்கு எவ்வெழுத்து முதலிற் போகும், எது கடைசிவரை நிற்கும்? மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மடுல்சீமையிலும் விடை ஒன்றாகவே இருக்குமா? இவை ஒவ்வொன்றும் ஒருவர்க்குக் கலாநிதிப் பட்டம் வரை இட்டுச் செல்லத்தக்க வினாக்கள்.

வேறு இரு வினாக்களைச் சுருங்கச் சொல்வேன். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளைத் தோட்டத்தார் 'ஸ்டோர்' என்பர். கொழுந்தை வாட்டும் விசிறியும், உருட்டும் ரோலரும், தூளைச் சலிக்கும் சல்லடையும் ஓயாது இரைவன. எட்டு மணி நேர வேலைக்கு 85 தெசிபெல் என்பது தொழிற்சுகாதார அறிஞர் விதித்த எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று தெசிபெல்லுக்கும் இருக்கத்தக்க நேரம் பாதியாகக் குறைதல் வேண்டும் என்பது பெரிதும் கைக்கொள்ளப்படும் அளவு. 88இல் நான்கு மணி நேரம், 91இல் இரண்டு. இரைச்சலால் வரும் கேடு 4000 ஹேட்ஸ் மீடிறனை ஒட்டி முதலிற் பள்ளம் விழச் செய்யும். பேச்சைக் கேட்பதில் அப்போது பெரிய குறை தெரியாது. ஆகவே எவரும் முறையிடார். அரைநாள் வேலையிலும் அந்தியில் வீடு திரும்பியும், காமன் கூத்துக் காலத்தில் இரவிரவாகத் தப்படித்தும் ஒருவர் பெறும் மொத்த இரைச்சல் எவ்வளவு எனக் கணக்கிட, ஓர் ஒலியளவுமானியும் தோட்டத்தாரின் நம்பிக்கையும் வேண்டும். முன்னையதை விலைக்கு வாங்கலாம்.

மற்றொன்று பரம்பரை பற்றியது. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு மிகப் பொதுவான பரம்பரையலகு ஒன்று 1997இல் இனங்காணப்பட்டது. ஐரோப்பியரிடம் அதில் ஒருவகை மாற்றம் மிகுந்திருக்க, இந்தியாவிற் செய்த ஆய்வுகளில் வேறொரு மாற்றமே மேலோங்கி நின்றது. தாயும் தந்தையும் ஒரே மாற்றத்தை மறைவாகக் கொண்டிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அக்குறை வெளிப்படும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம்மிடையே உரிமையாகக் கருதப்படும் வழக்கு. இதனைப் பேசப் புகுவோர் வைதலும் கூடாது, மறைத்தலும் கூடாது. குடும்ப வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டு எழுதத் தெரிதல் வேண்டும். அன்னியர் ஒருவர் வந்து கேட்டால் அம்மா வாய் திறக்க மாட்டாள்.

இனி, தடைகளைப் பேசாதுவிடின் இக்கட்டுரை வெறும் உபதேசமாகிவிடும். தாயும் தந்தையும் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் படிக்க வைத்த பிள்ளை, பட்டம் பெற்ற மறுமாதமே சம்பளம் கொண்டுவரல் வேண்டும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை. தங்கைக்குத் திருமணம், அடைவிலிருக்கும் நகை, கூரைத் தகரம் என வரிசையாகக் காத்து நிற்கும். அப்பிள்ளையிடம் சென்று, இன்னும் நான்கு ஆண்டு படி, ஆய்வு செய் எனக் கூறுவதற்கு எனக்கு நா எழாது. பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு உண்டு. ஆய்வுக்கு ஒதுக்கீடு என்பதில்லை. மேலும் நூல்களும் சஞ்சிகைகளும் ஆங்கிலத்தில். மருத்துவ பீடத்து நண்பர்கள் சிலருக்கே ஆய்வென்பது வைத்தியப் பேராசிரியர்க்குரியது, செவிப்புலனியலாளர்க்கு உரியதன்று என்னும் எண்ணம் உண்டு.

அவ்வெண்ணத்துக்கு இத்துறையின் பிறப்பு வரலாறே மறுமொழி. இரண்டாம் உலகப் போரிற் செவி பழுதுற்ற படைவீரர்க்கு மறுவாழ்வளிக்க அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகளில் எழுந்த பணியே இத்துறையின் தொட்டில். அங்குப் பணிபுரிந்த ரேமண்ட் கார்ஹார்ட் என்பவரே பின்னர் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் இதனை ஒரு கல்வித் துறையாக நிலைநிறுத்தினார். அவர் பேச்சுத் துறையிலிருந்து வந்தவர், வைத்தியரல்லர். சிகிச்சையும் ஆய்வும் அவர் மேசையில் ஒன்றாகவே கிடந்தன. நம் நாட்டிலோ செவிப்புலனற்றோர்க்கான கல்வி 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலையோடு பிறந்தது. அப்பாடசாலை இன்றும் இரத்மலானையில் உள்ளது. பட்டப்படிப்பு வர 96 ஆண்டுகள் சென்றன. ஆய்வு மரபு வேரூன்ற இன்னுமொரு நூற்றாண்டு காத்திருக்க இயலுமா?

சம்பளத்தைத் துறக்காமலும் ஆய்விற் புகலாம் என்பதே என் அனுபவம் கூறும் வழி. யான் பட்டம் பெற்ற ஆண்டுகளில் ஒருநாளும் வேலையை விட்டவனல்லன். உத்தியோகம் ஏற்ற நாள் முதல் நோயாளர் குறிப்புகளை ஒரே ஒழுங்கில் எழுதி வைப்பவர், ஐந்தாண்டு கழிந்து ஆய்வுப் பட்டத்துக்குப் பதியும்போது வெறுங்கையோடு செல்லார். புள்ளிவிபரவியலைப் பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்துவிடக் கூடாது. முழுநேரமாகப் படிக்க விழைவோர்க்கு மைசூர் நிறுவனத்திற் கலாநிதிப் பட்டம் வரை வாய்ப்புண்டு. ஒலிச்சமன் பட்டியல் பிறந்த இடம் அது. நம் மொழி விளங்குவோர் அங்கு உளர். 1959இல் ஏற்படுத்தப்பட்ட பொதுநலவாய நாட்டுப் புலமைப்பரிசில்களும் உள்ளன. விண்ணப்பப் பத்திரத்தைக் கண்டு அஞ்சி நிரப்பாது விட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை யான் அறிவேன். அவ்விடத்தில் ஆங்கில ஆசிரியரும் பழைய மாணவரும் ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்தாற் போதும். கொழும்பில் உள்ள பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் கிரிக்கெற் போட்டிக்குச் செலவிடுவதில் ஒரு பகுதி, ஒரு பிள்ளையின் முதலாண்டு ஆய்வுச் செலவுக்குப் போதுமென நினைக்கின்றேன். விளையாட்டு ஆசிரியர் என்மீது சினங்கொள்ளல் வேண்டா.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர் ஏதோ ஓரளவு செவிக்குறை உடையோர். அவருள் 43 கோடி மக்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தேவை. அவ்வெண்ணிக்கையுள் எங்கள் பின்வாங்குப் பிள்ளைகளும் அடங்குவர்.

மேற்கூறிய மாணவி அவ்விடுமுறையின் கடைசி ஞாயிறன்று மீண்டும் வந்தாள். ஸ்டோர் ஓடாத நாள். லயத்திற் சற்று அமைதி. என்னையும் அழைத்துச் சென்று தன் அம்மாயியை வாசலில் இருத்தினாள். அம்மாயி பல்லாண்டுகள் சல்லடை இயந்திரத்தின் அருகே நின்று உழைத்தவர். பேத்தி ஒரு கடதாசியால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கிழவி திருப்பிச் சொன்னார். "கல்லு" என்றால் "பல்லு". "காலு" என்றால் "பாலு". "பாட்டு" என்றால் "மாட்டு", சற்றுப் பொறுத்து, "பாட்டா, மாட்டா, என்னாடி சொல்ற?" என்றார். யான் தமிழாசிரியன் என்பதால் உடனே ஒன்று புலப்பட்டது. தவறியவை யாவும் சொல்லின் முதல் மெய்கள். நெடில் குறிலாகவில்லை, குறில் நெடிலாகவில்லை, மாத்திரை ஓரிடத்திலும் பிசகவில்லை. காரணத்தை அவளே விளக்கினாள். உயிரெழுத்தின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களில் இருக்கின்றது. முதியோர் செவியில் அப்பகுதி தப்பி நிற்கும். மெய்களைப் பிரித்தறிய உதவுவன உயர்ந்த மீடிறன்கள். இரைச்சலும் முதுமையும் அவற்றையே முதலில் அரிக்கின்றன.

"இப்ப அம்மாயிக்கு எத்தனை புள்ளி போடுறது சேர்? சொல் பிழைன்னா சுழியம். ஆனா பாதிக்கு மேல கேட்டிருக்காங்களே" என்றாள். மெய்யைத் தனியாகவும் மாத்திரையைத் தனியாகவும் எண்ணிப் புள்ளியிட்டால் என்ன என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, இது ஆய்வாகாது என்றும், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பெற்று, ஒலிகாப்பிட்ட அறையில், பலரைச் சோதித்த பின்னரே ஒன்றைச் சொல்லலாம் என்றும் எனக்குப் பாடம் நடத்தினாள். அம்மாயியின் விடைகளை ஒரு தாளிலும் குறித்துக்கொள்ளவில்லை. வினாவை மட்டும் தன் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, மூன்று மணிப் பேருந்தில் பசறைக்குப் புறப்பட்டாள்.